ஒரே ஒரு முறை சர்வாதிகாரி!



ஃபுட்பால் என்றதும் நம்ம பசங்களுக்கு யார் ஞாபகம் வரும்? பெலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ... இந்தியப் பெயர் ஒன்று சொல்லப்பா என்றால் பாய்ச்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி என்பதோடு நிறுத்தி விடுவோம். ஆனால் இவர்களுக்கெல்லாம் முப்பாட்டனார் ஒருவர் இருக்கிறார். மீசை முளைக்கும் முன்னாலேயே பள்ளிக்கூடப் பசங்களைச் சேர்த்து இந்தியாவில் கால்பந்து அணி அமைத்தவர். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று வங்காளத்தில் கொண்டாடப்படுபவர். அவர் பெயர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி.

பெயரைப் பார்த்துப் பயந்து விடாதீர்கள்! நமக்குச் சர்வாதிகாரி என்றால் ஹிட்லரும் முசோலினியும்தான். வங்காளத்தில் அது ஒரு குடும்பப் பட்டப் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் யாரையும் ஆட்டிப் படைக்கவில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, உண்மையிலேயே சர்வாதிகாரி மாதிரி நடந்து கொண்டார். அது எப்போது, எதற்காக என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தாது வருஷத்தில் உருண்ட பந்து

நாகேந்திர பிரசாத் பிறந்தது 1869 ஆகஸ்ட் 27, கல்கத்தாவில். அப்பா சூர்ய குமார் சர்வாதிகாரி பெயர் பெற்ற டாக்டர். அம்மா ஹேமலதா தேவி. அண்ணன் தம்பிகள் எல்லாரும் படிப்பில் புலிகள். சகோதரர் தேவ பிரசாத் பின்னாளில், 1914 முதல் 1918 வரை, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் பந்தின் பின்னால் ஓடினால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்ம வீட்டை வைத்து நீங்களே யூகித்துக் கொள்ளுங்கள்!

1877. அந்த வருஷத்தை நம்ம ஜில்லாப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக மறக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம்! சென்னை மாகாணம் முழுக்கப் பட்டினி. வைகை வறண்டு, மதுரைச் சீமைக் கிராமங்களில் கஞ்சிக்கும் வழியில்லாமல் சனங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய காலம். ரயில் மதுரைக்கு வந்தே ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே சமயத்தில், ஆயிரம் மைலுக்கு அப்பால் கல்கத்தாவில், ஏழெட்டு வயசு நாகேந்திரன் அம்மாவோடு குதிரை வண்டியில் கங்கை ஸ்நானத்துக்குப் போய்க் கொண்டிருந்தான்.

வழியில் ஒரு மைதானம். வெள்ளைக்காரர்கள் கூட்டமாக ஓடி ஓடி எதையோ உதைக்கிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வேடிக்கை பார்த்தான் பையன். அந்த நேரம் பார்த்துப் பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்து நின்றது. எடுத்துப் பார்த்தான். பார்க்கக் குண்டாக இருக்கிறது, கையில் எடுத்தால் கனமே இல்லையே என்று ஆச்சரியம்! திருப்பி உதைக்கும்படி ஒரு வெள்ளைக்காரர் சொல்ல, விட்டான் ஒரு உதை! இந்திய ஃபுட்பால் வரலாறு அந்த உதையிலிருந்துதான் தொடங்குகிறது என்று இன்றைக்கும் கல்கத்தாக்காரர்கள் சொல்லி மகிழ்கிறார்கள்.

முட்டைப் பந்து!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் படித்தது ஹேர் ஸ்கூல். அதை நிறுவிய டேவிட் ஹேர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஒரு கடிகாரத் தொழிலாளி! ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் தெரிந்த ஒரு மெக்கானிக், தான் சம்பாதித்ததை வங்காளப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழித்தார். டிப்ளமோ படிக்கிற நாம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் இது.

நாகேந்திரன் வகுப்புத் தோழர்களிடம் மைதானத்துக் கதையைச் சொல்ல, எல்லாருக்கும் ஆசை வந்து விட்டது. நாம் டோர்னமென்ட்டுக்கு வசூல் பண்ணுகிற மாதிரியே, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள். மேன்டன் கம்பெனிக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்தார்கள். பள்ளி மைதானத்தில் ஆட்டம் ஆரம்பம்! விதி தெரியாது, கோல் தெரியாது, எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. ஒரே தூசி, ஒரே கூச்சல். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி விட்டது.

பக்கத்திலேயே பிரசிடென்சி காலேஜ். அங்கே பேராசிரியராக இருந்த ஸ்டாக் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். வந்து பார்த்தால், பையன்கள் உதைத்துக் கொண்டிருப்பது ஃபுட்பாலே இல்லை. ரக்பி பந்து! கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து விட்டார்கள். முட்டை மாதிரி இருக்கும் அந்தப் பந்து உதைத்தால் ஒரு பக்கம் போகும், தரையில் பட்டால் இன்னொரு பக்கம் எகிறும்.

ஏன் அப்படி? மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். உருண்டைப் பந்து எந்தப் பக்கம் தரையில் பட்டாலும், தரை திருப்பித் தருகிற செங்குத்து விசை நேராக மையத்தின் வழியாகத்தான் போகும். அதனால் எகிறும் திசையை முன்கூட்டியே சொல்லி விடலாம். முட்டை வடிவத்தில் அந்த விசை மையத்தை விட்டு விலகிப் போகிறது. உடனே ஒரு டார்க் உண்டாகி, பந்து சுழன்று இஷ்டத்துக்குத் துள்ளுகிறது. பாவம் ஹேர் ஸ்கூல் பசங்க, இந்தத் தியரியெல்லாம் தெரியாமல் அதன் பின்னால் ஓடியிருக்கிறார்கள்!

ஸ்டாக் சிரித்துவிட்டுப் போய் விடவில்லை. உருண்டைப் பந்து ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். எப்படி ஆட வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். இப்படித்தான் ஹேர் ஸ்கூல் அணி உருவானது. நாகேந்திரனும் தோழர்களும் சேர்ந்து பாய்ஸ் கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கால்பந்துக்காக இந்தியர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட முதல் சங்கம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

தோலும் தீட்டும்

அந்தக் காலத்துப் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் உள்ளே இருந்தது பன்றியின் மூத்திரப் பை. அதை வாயால் ஊத வேண்டும். இங்கிலாந்தில் ரக்பி ஊரில் ரிச்சர்ட் லிண்டன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, 1862 வாக்கில் அதற்குப் பதிலாக ரப்பர் பிளாடரைக் கொண்டு வந்தார். ஊதுவதற்கு ஒரு பம்பும் செய்தார். 1872-ல் பந்தின் சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் வரை இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் மேலே உறை மட்டும் தோல்தான். மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும்.

தோல் என்றால் நம்ம நாட்டில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1891-ல் காஷ்மீரில் ஸ்ரீநகர் மிஷன் பள்ளித் தலைமை ஆசிரியர் டிண்டேல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டு வந்தபோது, அது தோல் என்று தெரிந்ததும் மேல்சாதிப் பையன்கள் தொடவே மறுத்து விட்டார்கள். அவர் வம்பாக மைதானத்துக்கு ஓட்டிப்போய் ஆட வைத்தார். பந்து ஒரு பையன் முகத்தில் பட்டு விட, தீட்டு வந்து விட்டதே என்று அவன் அழுதான். கால்வாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் ஆடினார்கள்.

ஸ்ரீநகரில் பந்தைத் தொடலாமா என்பது பிரச்னை. கல்கத்தாவில் அதைத் தாண்டி விட்டார்கள். அங்கே வந்த பிரச்னை வேறு. அதைவிடப் பெரியது. பந்தைத் தொடுகிற மனுஷனைச் சேர்த்துக் கொள்ளலாமா என்பது!

கலைத்து விட்டார்!

வளர்ந்து இளைஞரான நாகேந்திர பிரசாத் சும்மா இருக்கவில்லை. 1880-களில் ஃப்ரெண்ட்ஸ் கிளப், வெல்லிங்டன் கிளப் என்று ஒன்றன் பின் ஒன்றாக அமைத்துக் கொண்டே போனார். கால்பந்து மட்டுமில்லை, கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ், ரக்பி என்று எதையும் விட்டு வைக்கவில்லை. வெல்லிங்டன் கிளப்பில் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் உறுப்பினர்கள்.

அந்தச் சமயத்தில் மணி தாஸ் என்ற இளைஞரைக் கிளப்பில் சேர்த்துக்கொள்ள நாகேந்திர பிரசாத் முன்வந்தார். மணி தாஸ் குயவர் வீட்டுப் பிள்ளை. மண்பாண்டம் செய்கிற குடும்பம். உடனே கிளப்பில் முணுமுணுப்பு. குயவன் மகனோடு சமமாக நின்று ஆடுவதா, அவனும் மெம்பர் நாமும் மெம்பரா என்று எதிர்ப்புக் கிளம்பியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துர்கா பூஜைக்குப் பெயர் போன ஊர் கல்கத்தா. அங்கே குமார்துலி என்று ஒரு பகுதி இருக்கிறது. குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து துர்கைக்கு முகமும் கண்ணும் வைக்கிற இடம். அந்தக் கை செய்த தேவியைப் பெரிய வீட்டு ஹாலில் வைத்து விழுந்து கும்பிடுவார்கள். அதே வீட்டு வாரிசு பந்தை உதைக்க வந்தால் மட்டும் ஆகாது! நம்ம பக்கமும் இதே கதைதான். ஊர் எல்லையில் அய்யனாருக்குப் புரவி செய்து கொடுப்பது வேளார். நவராத்திரி வந்தால் விளாச்சேரியில் களிமண் பொம்மை வாங்கி வந்து கொலு வைப்போம். செய்த பொருள் வேண்டும். செய்த ஆள்?

நாகேந்திர பிரசாத்துக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எதற்கு வம்பு என்று மணி தாஸைச் சமாதானம் சொல்லி அனுப்பி விடுவது. கிளப் பிழைக்கும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. நிறையப் பேர் அதைத்தான் செய்வார்கள், அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயரும் வைத்து விடுவார்கள். இரண்டாவது வழி கஷ்டமானது. அவர் இரண்டாவதைத்தான் எடுத்தார். ஒரு ஆளை வெளியே நிறுத்தி வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றால் அந்தக் கிளப்பே வேண்டாம் என்று முடிவு செய்தார். தான் பாடுபட்டு வளர்த்த வெல்லிங்டன் கிளப்பைத் தானே கலைத்தார்!

ஓட்டெடுப்பு இல்லை. பேச்சு வார்த்தை இல்லை. நான் ஆரம்பத்தில் சொன்னேனே, ஒரே ஒரு முறை சர்வாதிகாரி என்று. அது இந்த ஒரு முறைதான்.

1887-ல் புதிதாகச் சோவாபஜார் கிளப்பைத் தொடங்கினார். அதில் முதல் உறுப்பினராகப் பெயர் எழுதப்பட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? மணி தாஸ்! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாகேந்திர பிரசாத் சோவாபஜார் ராஜ குடும்பத்து மாப்பிள்ளை. 1757 முதல் துர்கா பூஜை நடத்தி வருகிற பழைய பெரிய குடும்பம் அது. அந்த ராஜ குடும்பத்துப் பெரிய மனிதர்கள் ஆதரவு தந்த கிளப்பில்தான் ஒரு குயவர் மகனின் பெயர் முதலில் ஏறியது. மணி தாஸ் பின்னாளில் மோகன் பகான் அணிக்காகவும் ஆடினார். நாகேந்திர பிரசாத் அவரை நம்பியது இரக்கத்தில் அல்ல, ஆட்டத்தைப் பார்த்துத்தான்.

முதல் 2–1

கிளப்பைக் கலைத்தவர் உருப்படுவாரா என்று சிலர் காத்திருந்திருக்கலாம். ஐந்தே வருஷத்தில் பதில் வந்தது.

1889-ல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பை என்ற போட்டி ஆரம்பமானது. ஆடியதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்கார அணிகளும் ராணுவ அணிகளும். அவர்களுக்குப் பூட்ஸ், தினசரி பரேடு, இறைச்சிச் சாப்பாடு. நம்ம ஆட்களுக்கு வெறுங்கால், வேஷ்டி வழக்கம். 1892-ல் இந்தப் போட்டியில் சோவாபஜார் அணி ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தியது! கோப்பை கிடைக்கவில்லைதான். ஆனால் இப்படிப்பட்ட போட்டியில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அணியை இந்தியர்கள் ஜெயித்தது அதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள்.

அடுத்த வருஷமே, 1893-ல், இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற ஐ.எஃப்.ஏ. உருவாகி, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு போட்டியும் தொடங்கியது. அது அமைவதற்கு உழைத்தவர்களில் நாகேந்திர பிரசாத்தும் ஒருவர். முதல் ஷீல்டை எடுத்துப் போனது ராயல் ஐரிஷ் ரைஃபிள்ஸ் என்ற ராணுவ அணி. அந்த முதல் வருஷம் ஆட வந்த ஒரே இந்திய அணி சோவாபஜார்தான்.

மறுபடியும் 2–1

அதற்குப் பிறகு நாகேந்திர பிரசாத் மெல்ல மைதானத்தை விட்டு ஒதுங்கினார். ஆனால் அவர் போட்ட விதை முளைத்து விட்டது. 1889-ல் பிறந்த மோகன் பகான் கிளப், 1911-ல் ஷீல்டு போட்டியில் இறங்கியது. கேப்டன் சிப்தாஸ் பாதுரி. அந்த சீசனை வரிசையாகப் பாருங்கள்: செயின்ட் சேவியர்ஸை 3–0. ரேஞ்சர்ஸை 2–1. ரைஃபிள் பிரிகேடை 1–0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு முதலில் 1–1 டிரா, மறு ஆட்டத்தில் 3–0!

ஜூலை 29, இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். மோகன் பகானின் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். சுதிர் சட்டர்ஜி ஒருவருக்குத்தான் பூட்ஸ். மைதானம் கொள்ளாத கூட்டம். ஆட்டம் தெரியாமல் தூரத்தில் நின்றவர்களுக்கு, காற்றாடி பறக்க விட்டு ஸ்கோர் சொன்னார்களாம்! முதல் கோல் வெள்ளைக்காரர்களுக்கு. சிப்தாஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். 2–1! ஷீல்டு முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அப்போது நாகேந்திர பிரசாத்துக்கு வயது 41. அவர் கிளப் 1892-ல் எடுத்த அதே ஸ்கோர், பத்தொன்பது வருஷம் கழித்துப் பெரிய மேடையில்! 1911-ஐ எல்லாரும் கொண்டாடுகிறோம். அதற்கு அஸ்திவாரம் தோண்டியவரை மறந்து விட்டோம். கட்டடத்தைப் பார்க்கிறவன் ஃபவுண்டேஷனைப் பார்ப்பதில்லை என்பது சிவில் பசங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021-ல் அவர் வாழ்க்கையை வைத்து கோலந்தாஜ் என்ற வங்காளப் படம் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

மதுரையிலும் ஒரு கதவு

அவருடைய கடைசிக் காலத்தில் நம்ம மதுரையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றவர்களுக்குக் கதவு திறந்தது. எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது. நடந்தாலும் உள்ளே போனார்கள். அதற்கு ஆறு மாசம் கழித்து, 1940 ஜனவரி 17 அன்று, நாகேந்திர பிரசாத் தமது 70-ஆவது வயதில் காலமானார்.

மதுரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கோயில் வாசலில் கேட்ட அதே கேள்விதான், அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு விளையாட்டு மைதானத்தின் வாசலிலும் கேட்கப்பட்டது. இவன் உள்ளே வரலாமா?

நண்பர்களே, அந்தக் கேள்வி செத்து விட்டதா? தென் மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதி அறிகிறார்கள் என்று 2019-ல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் நாமும் இங்கே வருகிறோம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று பஸ் பிடித்து வருகிறோம். ஒர்க் ஷாப்பில் ஒரே காக்கி, ஒரே வைஸ், ஒரே அரம். அங்கே வித்தியாசம் தெரிவதில்லை. சாயங்காலம் டீம் பிரிக்கும்போதுதான் தெரிகிறது! நம்ம ஊர்க்காரன், நம்ம ஹாஸ்டல், நம்ம ஆளு என்று வாய் திறக்காமலே லிஸ்ட் ரெடியாகி விடுகிறது. நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தன் கோட்டுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பி விடுகிறான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

நமக்கு ஒன்றும் கிளப்பைக் கலைக்கிற அளவுக்குப் பெரிய சோதனை வரப் போவதில்லை. சர்வாதிகாரி ஆக வேண்டிய அவசியமும் இல்லை. வைகை மணலில் இரண்டு ஜோடிச் செருப்பைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடினாலும் சரி, இன்டர் பாலிடெக்னிக் போட்டிக்கு ஜெர்சி மாட்டிக்கொண்டு இறங்கினாலும் சரி, அடுத்த முறை டீம் பிரிக்கும்போது கோட்டுக்கு வெளியே நிற்கிறவனை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவன் பெயரை முதலில் எழுதுங்கள்.

சோவாபஜார் கிளப்பின் நோட்டில் முதல் பெயர் அப்படித்தான் எழுதப்பட்டது. மற்ற பத்துப் பேரும் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்!